மாமியார் அடமானம்

"வாட்செல்லாம் வேண்டாம்ப்பா. வேற ஏதாவது உருப்படியா வெச்சுட்டுப் போ" என்றார் சண்முகசுந்தரம்.

ஆவடி பேக்டரி குவார்ட்டர்ஸ் வாசலில் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் குளித்து, துடைத்து, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு நின்றது. வாங்க வந்த துலுக்கானம், மேனாம்பேட்டில் பால் வியாபாரம் செய்கிறவன். வண்டியையே சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஒரு ரவுண்டு அட்ச்சுப் பார்க்காம எப்டி சார் வாங்கறது?"

"பாரு, யார் வேண்டாம்னா? பட்டாபிராம்ல என் சிநேகிதன் இப்படித்தான் ஒருத்தன்கிட்ட சாவியைக் கொடுத்தான். ட்ரையல் பார்க்கப் போனவன் போனவன்தான். கழட்டிக் கொடுத்த வாட்ச்தான் மிச்சம். அதுவும் ஓடாத வாட்ச்."

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்த ஸ்கூட்டருக்கு இப்போதுதான் முறை வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அது அடுத்தவனுக்குப் போய்விடும். இந்த வண்டி விற்றால்தான் அந்த வண்டி. இதுவும் பறிபோனால் மனுஷனுக்கு ஆயுசு முழுக்க பேக்டரிக்கு நடைதான்.

துலுக்கானம் தலையைச் சொறிந்தான். பிறகு, கூட வந்திருந்த அம்மாளைக் காட்டினான்.

"என் மாமியா சார். வேம்புலியம்மா. நான் வர்ற வரைக்கும் இங்கயே குந்திகினு இருக்கட்டும். போதுமா?"

வேம்புலியம்மாள் மறுப்பே சொல்லவில்லை. இடுப்பில் சுருக்குப்பை, வாய் நிறைய வெற்றிலை, முகம் நிறைய சிரிப்பு. வாட்சைவிட கனமான பொருள்தான் என்று சண்முகசுந்தரத்துக்குத் திருப்தி.

"சரி. ஆனா பருத்திப்பட்டு ஏரி வரைக்கும்தான். அங்கேயே திரும்பிடணும். அதைத் தாண்டினே, போலீசுக்குப் போயிடுவேன்!"

வண்டி ஒரே உதையில் கிளம்பியது. சண்முகசுந்தரம் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி பத்மா, "வெயில்ல ஏம்மா உட்கார்ந்திருக்கீங்க, உள்ளே வாங்க" என்று அடமானப் பொருளை அடுப்படிக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏரிக்குப் போய்த் திரும்பக் கால் மணி போதும். ஒரு மணி நேரம் ஓடியும் ஆளைக் காணோம்.

பக்கத்து வீட்டு கோவிந்தன் எட்டிப் பார்த்தார். "என்ன சார், வண்டி வித்தாச்சா?"

"ட்ரையல் போயிருக்கான். மாமியாரை அடமானமா வெச்சுட்டுத்தான் போயிருக்கான்."

கோவிந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாமியாரையா? ஏன் சார், பொண்டாட்டியை வெச்சிருந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்காவது வருவான். மாமியாரை விட்டுட்டுப் போனவன் எந்த ஊர்ல சார் திரும்பி வந்திருக்கான்? வண்டி போச்சு. இனிமே அந்த அம்மாவுக்கு நீங்கதான் சோறு போடணும்!"

சண்முகசுந்தரம் உள்ளே ஓடினார். அடமானம் பத்மாவோடு சேர்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டு, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது.

"உன் மருமகன் எங்கம்மா? இந்நேரம் வண்டியைப் பிரிச்சு வித்திருப்பான். உழைச்சுச் சம்பாதிச்சவன் காசை ஏமாத்திப் பிடுங்கறீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

வேம்புலியம்மாள் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "வருவான் சார். கொஞ்சம் லேட்டாவும். ஆனா வருவான்."

"அதை ஸ்டேஷன்ல வந்து சொல்லு!" சண்முகசுந்தரம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாசலைத் தாண்டவில்லை, தெருமுனையில் துலுக்கானம் தெரிந்தான். வண்டி மேல் இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு, வியர்வையில் தொப்பலாக நனைந்து வந்தான்.

"மன்னிச்சுக்கோ சார். வண்டி ஜோரா போச்சு. ஆசையில ஏரிய தாண்டிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் பட்டுனு நின்னுட்சி. ஒதச்சு ஒதச்சு காலே வீங்கிப்போச்சு. நல்லா இருந்த வண்டிய நான்தான் கெட்த்துட்டேன். நீ சொன்ன ரேட்டுக்கே எட்துக்கறேன் சார். ரிப்பேரும் என் செலவு."

சண்முகசுந்தரத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் குரலும் உயர்ந்தது.

"அதுக்குத்தான்பா தாண்டாதேன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன். பிள்ளை மாதிரி வளர்த்த வண்டி! சரி, போனது போகட்டும். நேர்மையா ஒத்துக்கிட்டே, அதனால விடறேன்" என்று பெரிய மனசோடு அவன் தோளைத் தட்டினார்.

வேம்புலியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"மாப்ளே, நீ ஒண்ணியும் கெடுக்கல. சூடு ஏறிட்சின்னா அது எப்பவும் நின்னுடுமாம். ஏரிய தாண்டினா சாரும் தள்ளிகினுதான் வருவாராம். பத்மா பொண்ணு சொல்லிட்சி."

சண்முகசுந்தரம் மனைவியை முறைத்தார்.

"கேட்டாங்க, சொன்னேன்" என்றாள் பத்மா. அவள் தலை குனியவே இல்லை. கோவிந்தன் மட்டும் சிரிப்பை மறைக்க அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

"இப்ப இன்னா அத்தே பண்றது?" என்றான் துலுக்கானம்.

"நம்ம மெக்கானிக்கிட்ட காட்டு. அவரு சொல்ற ரேட்டுக்கு எட்துக்கலாம். சாருக்கும் அவசரமாம், அட்வான்ஸ இப்பவே குட்த்துடு."

சண்முகசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. கை தானாக நீண்டது.

வேம்புலியம்மாள் அவர் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

"உங்களை நம்பி காசு குடுக்கறோம், எங்களுக்கும் ஒரு அடமானம் வேணுமில்ல? சட்டதான் மாட்டிகினு கீறீங்களே... வாங்க சார், எங்க ஊட்ல வந்து குந்துங்க."