வராத லாபம்

"ரெண்டு பேரும் மனசு ஒத்துத்தான் ஒப்பந்தத்தை முடிச்சுக்கறீங்க. அதுக்காக வர வேண்டிய லாபத்தை விட்டுடாதீங்க" என்று வக்கீல் கட்டட கான்ட்ராக்டரிடம் எடுத்துச் சொன்னார்.

"ஆன செலவு மட்டும் போதும் சார். கொத்தனாருங்களுக்குக் கூலி கொடுக்கணும்."

எதிரே இருந்த வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. "லாபத்தையும் சேர்த்தே எழுதுங்க. பாதியில நிறுத்தச் சொன்னது நான்தானே?"

வக்கீலுக்கு வேடிக்கையாக இருந்தது. "கரும்பு தின்னக் கூலி தர்றாரு. கசக்குதா?" என்று சிரித்தார்.

கான்ட்ராக்டர் வீட்டுக்காரரின் கையைப் பற்றிக்கொண்டார்.

"என் பொண்ணு அந்த வீட்டுல வாழப்போறாங்கறதுதான் சம்பந்தி, எனக்கு லாபம். கார் விபத்துல உங்க பையனோட அவளும் போய்ச் சேர்ந்துட்டாளே! அதை எப்படித் தருவீங்க?"

வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

வக்கீல் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.