நாற்சந்தி

உள்காதில் வந்த நோய்க்குப் பிறகு, கண்முன் எது நகர்ந்தாலும் போக்குவரத்துக் காவலர் ரோஸ்லினுக்குத் தலை சுற்றியது. பணியில் நின்ற சந்தியிலேயே ஒருநாள் விழுந்தார். அதன்பின் அலுவலக நாற்காலிதான். சமநிலைக் கோளாறு ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்காக விஆர் ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டினால் எதிரே ஒரு நாற்சந்தி விரியும், நாலாபுறமும் வண்டிகள் பாய்ந்து வரும். ஒவ்வொரு முறையும் அலறி, ஆராய்ச்சியாளர் ஃபர்ஹானாவின் தோளைப் பற்றிக்கொள்வார்.

அன்றும் ஹெட்செட்டோடு பலகைமேல் ஏறி நின்றார். "முடியலைன்னா சொல்லுங்க மேடம், நிறுத்திடறேன்" என்று ஃபர்ஹானா அவர் பின்னால் கைகளை விரித்து நின்றாள்.

"நிறுத்தாதம்மா. வரட்டும்."

ஒரு லாரி நேராக வந்தது. ரோஸ்லின் தோளைத் தேடவில்லை. முதுகை நிமிர்த்தி, வலது உள்ளங்கையை அதன் முகத்துக்கு நேரே நீட்டினார். படத்தில் வரும் லாரிக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்குள் புகுந்து போயிற்று. பின்னாலேயே பேருந்து, வேன். கையும் இறங்கவில்லை, பாதமும் பிசகவில்லை. அவர் நின்ற பலகையின் அசைவைக் காட்டும் கணினிக் கோடு முதல்முறையாக நேராக ஓடியது.

படம் முடிந்து இருண்டது. "மேடம், நீங்க விழல! கழட்டிடலாம்" என்றாள் ஃபர்ஹானா.

"இரும்மா. இந்தப் பக்கம் ஜனம் ரொம்ப நேரமா நிக்குது" என்ற ரோஸ்லின், நீட்டிய கையை இறக்காமலே, இடது கையை வீசி வழிவிட்டார்.