சல்லாமாவின் மகன்

கார்த்திகை பிறந்துவிட்டது. ஆரே ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி, ஞாயிற்றின் முகம் மறைத்து, சுவிஸின் லாங்கன்தால் நகரை மோனத் தவத்தில் ஆழ்த்தியிருந்தது. இலையுதிர்த்த மரங்கள் நீறு பூசிய அடியார்களென வரிசையில் நின்றன.

“வேற ஆரையும் கட்டுறன் எண்டு சொல்லு, பிள்ளை. பானுஜன் மட்டும் வேண்டாம்,” என்றார் உருத்திரமூர்த்தி, காரைக் கோயிற் பக்கம் திருப்பியவாறு. அன்று அவருடைய தாயாரின் திதி.

“அவரில என்ன குறை, அப்பா?” என்றாள் யசோதரா.

“அவனில ஒரு குறையும் இல்லை. தாய்க்காரி கொழும்பில வீட்டு வேலைக்கு நிண்டவ. என்ர அம்மா நாகரத்தினம் ஆர் தெரியுமோ? ஊருக்கே சோறு போட்ட வீட்டுப் பொம்பிளை! சம்பந்தி ஆர் எண்டு சபையில கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?”

யசோதரா சிரித்துவிட்டாள். “கலீபா மன்சூரையும் இப்பிடித்தான் குத்திக் காட்டினவை.”

“அது ஆர்? உன்னோட படிக்கிறவனோ?”

“ஐயோ அப்பா! ஆயிரத்து இருநூறு வருசத்துக்கு முந்தி அரபுப் பேரரசை ஆண்டவர். அவரின்ர தாய் சல்லாமாவைப் பற்றித்தான் நான் யூனிவர்சிற்றிக்குக் கட்டுரை எழுதுறன். அவ ஒரு அடிமைப் பெண். ‘என்னைப் பெத்தவையில அடிமை இல்லை’ எண்டு எதிரி அவருக்குக் கடிதமே எழுதினவன்.”

“இவர் மறுத்திருப்பாரே?”

“மறுக்கேல்லை. ஒளிக்கவும் இல்லை. அதாலதான் அவவின்ர பேர் இண்டைக்கும் இருக்கு.”

வழிநெடுக உருத்திரமூர்த்தி வழக்கமாய் முணுமுணுக்கும் பதிகம் அன்று அதன்பின் எழவில்லை.

கோயிலில் தருப்பையை விரலில் அணிவித்த ஐயர், முப்பது ஆண்டுப் பழக்கத்தில் தொடங்கினார்: “மாதா நாகரத்தினம்...”

“பொறுங்கோ ஐயா. வள்ளிப்பிள்ளை எண்டு சொல்லுங்கோ.”

“புதுப் பேராய்க் கிடக்கு! ஆர் அவ?”

எள்ளும் நீரும் விரல்வழி மெல்ல இறங்கித் தட்டில் விழும்வரை உருத்திரமூர்த்தி தலை நிமிரவில்லை.

“நாகரத்தினம் அம்மா வீட்டில சட்டி கழுவினவ, ஐயா. என்னைப் பெத்தவ.”

பிறகு அந்த ஈரக் கையை மகளின் தலைமேல் வைத்தார். “பெண்ணைக் குடுக்க நானே வாறன் எண்டு பானுஜன்ர தாயிட்டச் சொல்லு. நல்லா இரு, பிள்ளை.”