சலூனில் இரண்டு கத்திகள்

நெல்லியடிச் சந்தைக்குப் பக்கத்துச் சலூனில், ஊர் அதிகாரியான விதானையார் கதிரையை விட்டு இப்போதுதான் எழும்புகிறார். அவருடைய தாடையில் நாலைந்து சீழ்க்கொப்புளங்கள் உடைந்து பளபளக்கின்றன. சவரம் செய்த ஏரம்பு, தோளில் கிடக்கும் துவாயில் கத்தியை ஒருமுறை துடைக்கிறார். துவாயில் மஞ்சளாக ஒரு கோடு விழுகிறது. அதே கதிரையில் இராசநாயகம் மாஸ்டர் வந்து சாய்கிறார். பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பிக்கிறவர். கரும்பலகையில் கிருமிகளை வட்டம் வட்டமாக, வெகு அழகாகக் கீறுவார். கண்ணாடியில் பட்ட பின்னேர வெயில் அவருடைய விபூதியில் விழுகிறது. பின்கதவோரம் தோட்டக் கூலியாள் ஒருவர் நிலத்தில் குந்தியிருக்கிறார். அவர் வாங்குப் பலகையில் இருந்தால் சாதிமான்களின் வேட்டி கெட்டுவிடுமாம். அவருக்கென்று வைத்திருக்கும் கத்தி, அடுப்பில் ஒரு நெளிந்த தகரப் பேணிக்குள் தடதடவென்று கொதிக்கிறது. மாஸ்டரின் கண் அந்தப் பேணியிலேயே நிற்கிறது.

"ஏரம்பு, உந்தக் கத்தி எனக்கில்லைத்தானே?"

"இல்லை ஐயா. உது உவையின்ரை. துடக்கு, தீட்டெண்டு ஒவ்வொருக்காலும் அவிச்செடுக்கிறனான்."

"அப்ப எனக்கு?"

"இதுதான் ஐயா. இப்ப விதானையாருக்கு வழிச்சது. உங்கடை ஆக்களைத் தவிர வேறை ஒருத்தரிலும் படேல்லை. அவிக்கத் தேவையில்லை."

"அப்ப சரி."

மாஸ்டர் நிம்மதியாகக் கண்ணை மூடி, பரு பழுத்திருக்கும் தாடையை நிமிர்த்திக் கொடுக்கிறார். மஞ்சள் கோடு விழுந்த துவாயாலேயே ஏரம்பு அந்த முகத்தைப் பக்குவமாகத் துடைக்கிறார். சலூனில் கிருமி இல்லாத ஒரே கத்தி, பின்கதவோரம் குந்தியிருப்பவருக்காகக் கொதித்துக்கொண்டிருக்கிறது.