எடைப் பெட்டி

“போன்ல எடை பதினொண்ணுன்னுதான் போட்டேன், டாக்டர். ஆண்டவர் மேல ஆணை,” என்றாள் சிஸ்டர் சோல்வே.

“பதினோரு கிலோ பிள்ளைக்கு வலிப்பு மருந்து முழுக் குப்பியா?” மாவட்ட மருத்துவ அதிகாரி கபாசோ குரலை உயர்த்தவில்லை. “பிரசவ வார்டுல பொம்பளைங்களுக்குப் போட்ட கைப்பழக்கம். அதை விட்டுட்டு, இப்ப போன் மேல பழியா?”

“போனை நான் குறை சொல்லல, டாக்டர். அது நல்ல ஆப். முன்னாடி மாதிரி பாதியில மூடிக்கிறதுகூட இல்ல.”

கபாசோ மேசை மேலிருந்த அவள் கைப்பேசியை எதிரே தள்ளினார்.

“இந்த ஆப்பைச் செஞ்சவரே லுசாகாவுலேர்ந்து வந்திருக்காரு. நீங்களே பார்த்துச் சொல்லுங்க, ஹமுசொண்டே.”

ஹமுசொண்டே அதைக் கையில் எடுத்தான். நான்கு வருட உழைப்பு. மருந்தைத் தேர்ந்து, எடையைத் தட்டினால், எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிடும். சிக்னலே வேண்டாம். அடுத்த மாதம் நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் போகப்போகிறது.

அதில் ஒரே ஒரு தீராத தொல்லை இருந்தது. எடைப் பெட்டி காலியாக இருக்கும்போது யாராவது பொத்தானை அழுத்திவிட்டால், எதை வைத்துக் கணக்கிடுவது என்று தெரியாமல் செயலி திணறும், பட்டென்று மூடிக்கொள்ளும். எல்லாக் கிராம மருத்துவ நிலையங்களிலிருந்தும் இதே புகார்தான்.

மூன்று வாரங்களுக்கு முன்பு அவன் அதற்கு வழி கண்டான். பெட்டி காலியா? கடைசியாகத் தட்டிய எண்ணையே எடுத்துக்கொள். இரண்டே வரி. அன்றிலிருந்து ஒருமுறைகூட மூடவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நண்பர்களுக்குக் கோழி பொரித்துப் போட்டிருந்தான்.

“அன்னைக்கு எடையை எப்படிப் பார்த்தீங்க, சிஸ்டர்? ஒவ்வொண்ணாச் செஞ்சு காட்டுங்க.”

அவன் எப்போதும் கேட்கும் கேள்விதான் அது. தான் செய்த ஒன்றை மனிதர்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்ப்பதில் அவனுக்கு அலுப்பே வராது.

“பிள்ளைங்களைத் தொங்கவிட்டுப் பார்க்கிற தராசு மழைக்காலத்துலயே போச்சு, சார். பெரியவங்க ஏறி நிக்கிறது மட்டும்தான் இருக்கு. முதல்ல அம்மாவை மட்டும் நிக்கவைப்பேன். அம்பத்தெட்டு. அப்புறம் பிள்ளையோட. அறுபத்தொம்பது. கழிச்சா பதினொண்ணு.”

“அம்பத்தெட்டை எங்க குறிச்சு வெச்சுக்குவீங்க?”

“இதுலயேதான். இந்த எடைப் பெட்டியில. பேப்பரைத் தேட ஏது நேரம்? இந்தப் பக்கம் எல்லா நர்சும் அப்படித்தான் செய்வோம். அப்புறம் அதை அழிச்சிட்டுப் பிள்ளையோட எடையைப் போடுவேன்.” அவள் கட்டைவிரல் காற்றில் அழித்துக் காட்டியது. “அழிச்சேன். அப்பத்தான் பிள்ளைக்கு மறுபடி வலிப்பு வெட்டிச்சு. அம்மா அலறுறா. பதினொண்ணைப் போட்டு அழுத்தினேன்.”

அந்தப் பதற்றத்தில் பதினொன்று பதியாமலே அழுத்தியிருப்பாளோ என்று ஹமுசொண்டேவுக்குத் தோன்றியது.

கைப்பேசியைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டான். வலிப்பு மருந்தைத் தேர்ந்தான். ஐம்பத்தெட்டு என்று தட்டினான். அழித்தான். காலிப் பெட்டியோடு பொத்தானை அழுத்தினான்.

முந்தைய பதிப்பாக இருந்தால் மூடிக்கொண்டிருக்கும். அவள் சபித்துக்கொண்டே மறுபடி திறந்திருப்பாள். பதினொன்று என்று தட்டியிருப்பாள். மொத்தமே பத்து விநாடி.

திரையில் வந்தது: ஒரு முழுக் குப்பி, பெரியவர்களுக்கான உச்ச அளவு.

“என்ன தம்பி, என்ன சொல்லுது?” என்றார் கபாசோ.

சுவரோர நாற்காலியில் குழந்தையின் தாய் உட்கார்ந்திருந்தாள். பினா லுயாண்டோ, லுயாண்டோவின் அம்மா. பிள்ளையைப் புதைத்துப் பன்னிரண்டு நாளாகியும் ஊர் அவளை அப்படித்தான் கூப்பிட்டது. அவள் கைப்பேசியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பெட்டியில் பதினொன்று என்று தட்டி அழுத்தினான். பிறகு திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினான்.

“பதினொண்ணு போட்டா, குப்பியில மூணுல ஒரு பங்குதான் சொல்லுது, டாக்டர்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

சோல்வே குனிந்து திரையைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். இத்தனை நாள் தன் கையின் மேல் வைத்திருந்த நம்பிக்கை அவள் முகத்திலிருந்து வடிந்தது.

“அப்ப நான்தான்,” என்றாள்.

கபாசோ பணிநீக்கத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார். எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினார். சீருடையின் தோளிலிருந்த பட்டைகளை அவள் தானே கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள்.

ஹமுசொண்டே எழுந்தபோது பினா லுயாண்டோவும் எழுந்தாள். அவன் முன்னால் முழங்கால் மடித்து, குவித்த கைகளை மெதுவாகத் தட்டினாள். பெரிய உதவி செய்தவர்களுக்கு அங்கே அப்படித்தான் நன்றி சொல்வார்கள்.

“யாருன்னு தெரியாமயே போயிருக்கும், ஐயா.”

தலைநகர் லுசாகாவுக்குத் திரும்பும் பேருந்தில் மடிக்கணினியைத் திறந்தான். அந்த இரண்டு வரிகளையும் நீக்கினான். இனி பெட்டி காலியாக இருந்தால் செயலி மூடாது, எதையும் ஊகிக்காது, ‘எடை எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். எளிமையான, சரியான தீர்வு. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம்.

வெளியிடுவதற்கு முன், என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று ஒரு கட்டம் கேட்டது.

‘எடைப் பெட்டி காலியாக இருந்தால்’ என்று தொடங்கினான். நிறுத்தினான். ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

பிறகு எழுதினான்: ‘நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது. சில வசதிகள் சேர்க்கப்பட்டுள்ளன.’