நிறுத்திக்கங்க

வாதுமை மரப் பொந்தில் இருந்த அணில் தலையைச் சொறிந்தது. மழைக்காலத்துக்கென்று சேர்த்த கொட்டைகள் கரைந்துகொண்டே இருந்தன.

அமாவாசை தவறாமல் வரும் காகம் அன்றும் வந்து ஒரு பிடி அள்ளியது.

“காக்கா அண்ணே, இது எதுக்கு?”

“தினமும் விடியக்காலையில கரைஞ்சு உன்னை எழுப்புறேனே!”

“நான்தான் உங்களுக்கு முன்னாடியே எழுந்திடுறேனே?”

“அதுக்காக நான் கரையாம இருக்கேனா?”

அது சரிதான் போலவும் இருந்தது, சரியில்லாதது போலவும் இருந்தது. அணில் குழம்பிப் போய், “எதுக்கும் அடுத்த மாசத்திலேர்ந்து நிறுத்திக்கங்க அண்ணே” என்றது. காகம் தலையாட்டிவிட்டுப் பறந்தது.

அடுத்த அமாவாசைக்குக் காகம் ஒரு தராசைத் தூக்கிக்கொண்டு வந்தது.

“நிறுத்தச் சொன்னேனே அண்ணே!”

“ஆமா, ‘நிறுத்துக்கங்க’ன்னுதானே சொன்னே? அதான் தராசு. இனிமே கண்டபடி அள்ள மாட்டேன், நிறுத்துத்தான் எடுப்பேன்.”

தான் என்ன சொன்னோம் என்பதே அணிலுக்கு இப்போது சந்தேகமாகிவிட்டது. காகம் நிறுத்து முடித்துக் கிளம்பும்போது திரும்பிப் பார்த்தது.

“தராசு வாடகை இந்த மாசம் இலவசம், தம்பி. அடுத்த மாசத்திலேர்ந்துதான் தனி.”

“ரொம்ப நன்றி அண்ணே” என்றது அணில்.