மேல் கேலரி விசில்

பார்மா நகர ஓபரா இசை நாடக அரங்கில் கதாநாயகன் எர்மான்னோ பாடிக்கொண்டிருந்தார். மேல் கேலரியில் ஒர்தென்சியா மறுபடியும் விசிலடித்தாள்.

"போதும், இறங்குய்யா!"

பக்கத்து இருக்கை குவால்தியேரோவுக்குப் பொறுக்கவில்லை.

"பிடிக்கலைன்னா விசிலடிச்சு விரட்டறது நம்ம ஊர் வழக்கம்தான். ஆனா மனுஷன் நல்லாத்தானே பாடறாரு? டி.வி.க்கு வேற படம் பிடிக்கிறாங்க. மானம் போகுதும்மா!"

"போகட்டும்."

"அவர் மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்?"

"தொண்டையில ரத்தம் கட்டியிருக்கு. கடைசி வரைக்கும் பாடினா குரலே போயிடும்னு டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டார். கேமரா வருதுன்னதும் கிளம்பி வந்துட்டார்!"

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ராத்திரியெல்லாம் வெந்நீர் வச்சுக் கொடுத்தவளே நான்தானே! பொண்டாட்டி சொன்னா எந்தப் புருஷன் கேட்டான்? இந்த கேலரி சொன்னாத்தான் அவர் நடுங்குவார்."

குவால்தியேரோ மேடையைப் பார்த்தார். எர்மான்னோ கழுத்தைத் தடவியபடி அடுத்த வரிக்கு மூச்சிழுத்தார்.

குவால்தியேரோ எழுந்து நின்றார். இரண்டு விரல்களை வாயில் வைத்து, அரங்கமே அதிரும்படி விசிலடித்தார்.